கன்னிமாரா தேக்கு: காடர் முளையடித்து ஏறிய காட்டில் ஒரு பெருமரம்

கன்னிமாரா தேக்கு, கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில், பறம்பிக்குளம் புலிகள் காப்பகத்தின் தூணக்கடவுப் பகுதியில் நிற்கும் மிகப் பழமையான தேக்கு மரம். யாரும் நடாமல் காட்டில் தானாக முளைத்து வளர்ந்த தேக்குகளில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. அடிமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 7 மீட்டர். உயரம் 48 மீட்டர் அளவு என்று குறிக்கப்படுகிறது. 1994-95ஆம் ஆண்டுக்கான மகாவிருட்ச புரஸ்கார் விருதை இந்திய அரசு இம்மரத்துக்கு வழங்கியது.

மரம் நிற்பது கேரளத்தில் என்றாலும், அங்கு செல்லும் சாலை தமிழ்நாட்டின் வழியாகவே போகிறது. பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் என்று ஏறி, ஆனைப்பாடிச் சோதனைச் சாவடியைக் கடந்துதான் பறம்பிக்குளத்துக்குள் நுழைய முடியும். மதுரைக் கோச்சடையிலிருந்து புறப்படும் ஒரு குடும்பம் திண்டுக்கல், பழனி, உடுமலைப்பேட்டை வழியாகப் பொள்ளாச்சியை அடைய வேண்டும். பாதி நாள் பயணம். வேம்பும் புளியும் கருவேலமும் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு அந்தக் காட்டின் உயரம் முதலில் பிடிபடாது. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 52 மீட்டர். அதைவிடச் சற்றே குட்டையான ஒரு மரம் என்று சொன்னால் மதுரைப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும்.

மரத்தின் வயது 450 ஆண்டுக்கு மேல் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது மதிப்பீடுதான். தேக்கு ஆண்டுதோறும் தெளிவான வளையம் விடும் மரம். வெப்ப மண்டல மரங்கள் பலவற்றில் வளையத்தை எண்ணி வயது சொல்ல முடியாது, தேக்கில் முடியும். ஜாவாத் தீவின் தேக்கு வளையங்களை வைத்துப் பல நூற்றாண்டு மழைக் கணக்கை ஆராய்ந்த பெர்லாகே என்ற டச்சு அறிஞரின் ஆய்வு 1931ல் வெளிவந்தது. ஆனால் வளையத்தை எண்ண மரத்தை வெட்ட வேண்டும், அல்லது அதன் உடலைத் துளைத்து மாதிரி எடுக்க வேண்டும்.

450 ஆண்டு என்ற கணக்கை ஏற்றுக்கொண்டால், இந்த மரம் முளைவிட்டது 1570களில். அரியநாத முதலியார் மதுரையில் ஆயிரங்கால் மண்டபத்தைக் கட்டியது 1569 என்பது வரலாற்று நூல்களில் காணும் ஆண்டு. மண்டபத்தின் கல்தூண்கள் புதிதாக நின்ற காலத்தில் இது முழங்கால் உயரக் கன்றாக இருந்திருக்கும். திருமலை நாயக்கர் 1636ல் மகால் கட்டியபோது நன்கு வைரம் பாய்ந்த மரம். இராணி மங்கம்மாள் சாலையோரம் மரம் நட்டதாகச் சொல்லப்படும் காலத்தில் நூறு வயதைத் தாண்டியிருக்கும்.

காடர்கள் ஏறிய மரங்கள்

ஆனைமலை, பறம்பிக்குளம் காடுகளின் பழங்குடிகளில் காடர்கள் மிகப் பழைய குடியினர். மலசர், மலைமலசர், முதுவர் ஆகியோரும் இப்பகுதியில் வாழ்கின்றனர். காடர்கள் உழவு செய்தவர்கள் அல்லர். கிழங்கு அகழ்தலும் தேன், மெழுகு, ஏலம், குங்கிலியம் சேகரித்தலும் அவர்களின் வாழ்வு. தேனுக்காக அவர்கள் பெருமரங்களில் ஏறிய முறை, இம்மக்களைப் பற்றி எழுதிய எல்லோரையும் வியக்க வைத்தது.

மலைத்தேனீ உயரமான மரத்தின் கிளைக்கு அடியில் அடை கட்டும். இத்தகைய மரங்களின் அடிப்பகுதியில் கைக்கு எட்டும் கிளை ஒன்றும் இருக்காது. நான்கைந்து பேர் சேர்ந்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத பருமன். தென்னை, பனை ஏறுபவர் போல் மார்போடு அணைத்து ஏறவும் வழியில்லை. காடர்கள் மூங்கிலைச் சீவிக் கூரான முளைகளாக்கி, கட்டையால் அடித்து அடிமரத்தில் இறக்கினார்கள். அடித்த முளையில் நின்றுகொண்டு அடுத்த முளையை மேலே அடிப்பார்கள். இப்படியே உச்சிவரை ஒரு ஏணி உருவாகும். பெரும்பாலும் தேன் எடுப்பது இரவில், தீப்பந்தப் புகையின் துணையோடு.

எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதி நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். போர்னியோத் தீவின் தயாக் மக்களும் தேனுக்காக இவ்வாறே மூங்கில் முளையடித்து ஏறுவதை ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1869ல் வெளிவந்த தம் மலாய்த் தீவுக்கூட்ட நூலில் விவரித்திருந்தார். தர்ஸ்டன் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அந்த ஒற்றுமையைக் கொண்டு இரு மக்களுக்கும் ஓர் இன உறவு உண்டு என்று அக்காலத்தில் சிலர் வாதிட்டனர். அது தேவையற்ற வாதம். மூங்கிலும் பெருமரமும் மலைத்தேனீயும் ஒரே காட்டில் இருந்தால், ஏறத் தெரிந்தவனுக்கு இந்த யோசனை தானே வரும்.

முளையேணி தேனுக்கு மட்டும் என்று இல்லை. ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் காரி எனப்படும் யூக்கலிப்டஸ் மரங்கள் 70 மீட்டருக்கும் மேல் வளர்கின்றன. சமமான அந்தக் காட்டு நிலத்தில் காட்டுத்தீயைத் தூரத்திலிருந்து கண்டுகொள்ள ஏற்ற மலை உச்சிகள் போதவில்லை. ஆகவே வனத்துறையினர் உயர்ந்த மரங்களையே காவல் கோபுரம் ஆக்கினர். 1937 முதல் 1952 வரை எட்டு மரங்களில் இப்படிக் காவல் மேடை அமைத்தார்கள். பெம்பர்ட்டன் ஊருக்கு அருகில் உள்ள குளோஸ்டர் மரம் அவற்றில் புகழ்பெற்றது. அடிமரத்தைச் சுற்றிச் சுழன்று செல்லும் முளைகளில் கால் வைத்து ஏறினால், 53 மீட்டர் உயரத்தில் மேடை. விமானங்கள் தீக்காவலை ஏற்ற பிறகு அது சுற்றுலா மரம் ஆகிவிட்டது. பெரியவர்களும் பிள்ளைகளும் பல ஆண்டுகள் அதில் ஏறி வந்தனர். கீழே வலை தவிர வேறு பிடிமானம் கிடையாது.

அங்கே அடித்தவை நெடுநாள் நிற்கும் இரும்பு முளைகள். காடரின் மூங்கில் முளை ஒரு தேன் பருவத்துக்கு உரியது. மழையில் ஊறி உளுத்து உதிர்ந்துவிடும். அடுத்த ஆண்டு வேறு முளை அடிக்க வேண்டும். பிறர் ஏறிய பழைய முளையை நம்பிக் கால் வைப்பவன் கீழே விழுவான். இந்தக் கட்டுப்பாடு காடரின் தொழில் நுட்பத்துக்கு உள்ளேயே இருந்தது என்பதைச் சாதனங்களை மட்டும் பார்த்து எழுதியவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

கோடரி வந்த கதை

தேக்கு என்ற சொல்லே போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. மலையாளத்திலும் தமிழிலும் தேக்கு; அவர்கள் வாயில் தேக்கா; ஆங்கிலத்தில் டீக். சொல்லோடு மரமும் கப்பல் ஏறியது, கப்பலாகவும் ஆனது. தேக்கில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசையால் அது கடல்நீரில் எளிதில் மக்குவதில்லை. அடித்த இரும்பாணியையும் அரிக்க விடுவதில்லை. ஐரோப்பிய ஓக் மரத்துக்கு இந்தக் குணம் இல்லை. இங்கிலாந்தில் ஓக் குறைந்துகொண்டிருந்த அதே காலத்தில் நெப்போலியனோடு போர். எனவே ஆங்கிலக் கடற்படையின் பார்வை பம்பாய்க் கப்பல் தளத்தின் மேலும், அதற்கு மரம் தரும் மலபார்க் காடுகளின் மேலும் விழுந்தது. பம்பாயில் மலபார்த் தேக்கில் கட்டி 1817ல் கடலில் இறக்கிய டிரிங்கோமாலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது. பெயர் நம் திருகோணமலைதான்.

1806ல் கம்பெனி அரசு வாட்சன் என்ற அதிகாரியை மலபாரின் முதல் வனக் காப்பாளராக நியமித்தது. தேக்கு முழுவதும் அரசுக்கே என்றானது. தனியார் நிலத்து மரத்தையும் உரியவர் வெட்டக் கூடாது. எதிர்ப்பு வலுத்ததால் தாமஸ் மன்றோ சென்னை ஆளுநராக இருந்தபோது அந்தப் பதவி நீக்கப்பட்டது. அதன் பிறகு வியாபாரிகள் கண்டபடி வெட்டினர். 1840களில் நீலம்பூரில் மலபார் ஆட்சியர் கனோலி தேக்குத் தோட்டம் போடத் தொடங்கியது, காட்டுத் தேக்கு தீர்ந்துபோகும் என்ற அச்சத்தில்தான்.

ஆனைமலைக்குக் கோடரி முறையாக வந்தது 1848ல். மைக்கேல் என்ற படை அதிகாரி இக்காடுகளின் பொறுப்பை ஏற்றார். வெட்டிய மரத்தை யானைகள் மலை விளிம்புக்கு இழுத்து வரும். விளிம்பிலிருந்து சரிவில் உருட்டி விடுவார்கள். மரம் சரியும் அந்த மேல்முனைதான் டாப்சிலிப். இன்று சுற்றுலாத் தலமாகப் பிள்ளைகள் அறிந்த பெயரின் பொருள் இதுவே. தூணக்கடவு என்ற பெயரும் அந்தக் காலத்துக் காட்டு அறிக்கைகளில் அடிக்கடி வரும். கன்னிமாரா தேக்கு நிற்கும் காட்டை வெட்டுவோர் அறியாமல் விட்டுவிடவில்லை என்பதற்கு இது போதும். 1856ல் சென்னை மாகாண வனக் காப்பாளரான ஹியூ கிளெக்ஹார்ன் என்ற மருத்துவர், கண்மூடித்தனமான வெட்டுக்கு வரம்பு விதிக்க முயன்றார். ஆனால் அவருடைய காலத்தில்தான் இருப்புப்பாதைக்கு அடிக்கட்டை தேவைப்பட்டது. காப்பதும் வெட்டுவதும் ஒரே அலுவலகத்தின் வேலையானது.

மலையின் மறுபக்கம் கொச்சி சமஸ்தானம். அங்கே பறம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிவரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளத்துக்கு மரம் ஏற்றிச் செல்லும் டிராம் பாதை 1907ல் ஓடத் தொடங்கியது. செங்குத்தான சரிவுகளில் ஏற்றிய வண்டி இறங்கும். அதன் கனத்தில் வெற்று வண்டி மேலே ஏறும். தேக்கும் ஈட்டியும் இப்பாதையில் இறங்கிச் சாலக்குடியிலிருந்து கொச்சித் துறைமுகம் சேர்ந்தன. 1963ல் பாதை முழுவதும் மூடப்பட்டது. மேற்கில் டிராம், கிழக்கில் டாப்சிலிப் சரிவு. இரண்டு பக்கமும் மரம் கீழே போய்க்கொண்டிருந்த நூறு ஆண்டுகளில்தான் கன்னிமாரா தேக்கு தன் இடத்தில் நின்றிருக்கிறது.

வெட்டிய இடத்தில் மீண்டும் காடு எழுப்பியவராக ஹியூகோ வுட் நினைவுகூரப்படுகிறார். தென் கோயம்புத்தூர் கோட்டத்தின் வன அதிகாரியாக இருந்த அவர், கைத்தடியால் மண்ணைக் குத்திப் பையில் உள்ள தேக்கு விதையை ஒவ்வொன்றாக இட்டபடி காட்டில் நடப்பார் என்று டாப்சிலிப்பில் சொல்வார்கள். 1933ல் மறைந்த அவருடைய கல்லறை அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவே உள்ளது. தம் நினைவுச்சின்னம் தேடுவோர் சுற்றிலும் பார்க்கட்டும் என்ற பொருளில் லத்தீன் வாசகம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. இலண்டன் புனித பவுல் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறை வாசகமும் இதுவே. ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். வுட் எழுப்பியது தேக்குத் தோப்பு. வரிசையாக, ஒரே வயதில், ஒரே இன மரம். காடர் தேன் எடுத்த காட்டில் தேக்கு பலவற்றுள் ஒன்று. டாப்சிலிப்பிலிருந்து கன்னிமாரா தேக்குக்குப் போகும் வழியில் இந்த இரண்டையும் வண்டியில் இருந்தபடியே பார்க்கலாம்.

மரம் எப்படித் தப்பியது

பழங்குடிகள் சொல்லும் கதை இது. மரத்தை வெட்டக் கோடரி வைத்தபோது வெட்டுவாயிலிருந்து இரத்தம் பீறிட்டது. வெட்டியவர்கள் அஞ்சி விலகினர். அன்று முதல் அது கன்னி மரம், வழிபடும் மரம். மலையாளத்தில் கன்னி மரம் என்று பிரித்துப் பொருள் சொல்வதே வழக்கம். தமிழ்க் காதுக்கு அந்தப் பெயரில் கன்னிமாரும் கேட்கும். ஏரிக்கரையிலும் ஓடைக்கரையிலும் ஏழு கன்னிமாரை வணங்கும் வழக்கம் கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு; மதுரைச் சீமையிலும் உண்டு.

இரத்தம் பற்றிய செய்தியைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. அதே காட்டில் வளரும் வேங்கை மரத்தைக் கொத்தினால் செக்கச் சிவந்த பிசின் வடியும். பார்ப்பவர் இரத்தம் என்றே சொல்வர். தேக்கின் அடிமரம் அப்படி வடிப்பதில்லை. ஆனால் தேக்கின் இளந்தளிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் கை முழுவதும் குருதிச் சிவப்பு ஏறும். இதை அறியாத மலைக்குடிப் பிள்ளை இருக்க முடியாது. மரத்துக்குள் இரத்தம் ஓடுகிறது என்று எண்ண அந்தச் சிவப்பே போதும். புலிகள் காப்பகத்துக்குள் இலை பறிப்பது குற்றம். பிள்ளைகளுக்கு இதைக் காட்ட விரும்புவோர் தோட்டத்திலோ வயல் வரப்பிலோ நட்ட தேக்கில், மழைக்குப் பின் துளிர்க்கும் தளிரில் காட்டலாம்.

வழிபாடு மட்டும்தான் மரத்தைக் காத்ததா என்று மாணவர்கள் கேட்டால், அந்தக் கேள்வியை வரவேற்க வேண்டும். 7 மீட்டர் சுற்றளவு என்றால் குறுக்களவு 2 மீட்டருக்கு மேல். கைக்கோடரியால் அதைச் சாய்க்கப் பல நாள் ஆகும். சாய்த்த பின் யானை இழுக்கும் அளவுக்குத் துண்டாக்க வேண்டும். மிக முதிர்ந்த மரத்தில் உள்ளே பொந்து இருக்குமோ என்ற ஐயம் வேறு. நடுத்தர மரங்கள் ஏராளமாக நின்ற காலத்தில் இதன்மேல் கை வைப்பது ஒப்பந்தக்காரருக்கு இலாபமாக இருந்திராது. ஆனால் பருமன் மட்டுமே காத்திருந்தால், இதன் வயதுடைய வேறு மரங்களும் அதே காட்டில் நின்றிருக்க வேண்டும். அவை இல்லை. வெட்டும் கூலியாட்களிலும் யானைப் பாகர்களிலும் பலர் அந்த மலைக்குடிகளே. அவர்கள் கை வைக்க மறுத்த மரத்தை மேலதிகாரி ஒருவர் மட்டும் சாய்த்துவிட முடியாது. இரண்டு காரணமும் சேர்ந்தே வேலை செய்தன என்று கொள்வதே பொருத்தம்.

1973ல் பறம்பிக்குளம் வனவிலங்குச் சரணாலயம் ஆனது. 2010ல் புலிகள் காப்பகம். தமிழ்நாட்டுப் பக்கத்து ஆனைமலையும் இப்போது புலிகள் காப்பகமே. முளையடித்து ஏறிய காடர்களின் வழிவந்தோர் இன்று வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் பணிபுரிகின்றனர். அவர்கள் எண்ணிக்கை இரு மாநிலங்களிலும் சேர்த்துச் சில ஆயிரங்களே. 1952ல் கொச்சிக் காடர்களைப் பற்றி எரன்ஃபெல்ஸ் எழுதிய நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இப்பகுதிக்குப் போகும் கல்லூரி மாணவர்கள் அதைப் படித்துவிட்டுப் போனால், வண்டியில் முன்னால் உட்கார்ந்து வரும் வழிகாட்டியிடம் கேட்க நிறையக் கேள்விகள் கிடைக்கும்.

பிள்ளைகளோடு செல்லும்போது

மரத்தடிக்கு வனத்துறையின் வாகனத்தில், வழிகாட்டியுடன்தான் செல்ல முடியும். ஏற அனுமதி கிடையாது, கேட்கவும் வேண்டாம். ஏறிப் பார்க்கும் ஆசை உள்ள பிள்ளைகளுக்குத் தூணக்கடவில் மரத்தின் மேல் கட்டிய குடில் இருக்கிறது. முன்பதிவு செய்தவர்கள் அதில் தங்குவர்.

கன்னிமாரா தேக்கின் கீழ் பிள்ளைகள் கைகோத்து நின்று அளப்பது நெடுநாள் வழக்கம். ஒருவர் இரு கைகளையும் நீட்டினால் வரும் நீளம் ஏறக்குறைய அவருடைய உயரத்துக்குச் சமம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் உயரம் 1.4 மீட்டர் என்று கொண்டால், ஐந்து பேர் வேண்டும். வனத்துறை அளவு எடுப்பது தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது பெரியவரின் மார்பளவில். பிள்ளைகள் கைகோப்பது அதைவிடத் தாழ்வாக, மரம் அகன்று விரியும் அடிப்பகுதியில். எனவே ஆறாவது பிள்ளை தேவைப்படலாம். கணக்கு தப்பிவிட்டது என்று அவர்களை அதட்டக் கூடாது. எங்கே அளந்தோம் என்று கேட்டால் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

உயரத்தை அளக்கச் சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்த முக்கோணம் போதும். அடிப்பக்கத்தைத் தரைக்கு இணையாகப் பிடித்து, சாய்ந்த விளிம்பின் வழியே மரத்தின் உச்சி தெரியும் இடம்வரை பின்னால் நகர வேண்டும். அங்கிருந்து மரம்வரை உள்ள தூரத்தோடு கண் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம். பறம்பிக்குளத்தில் 45 மீட்டர் பின்னால் போக வழிகாட்டி விடமாட்டார். யானை நடமாடும் இடம். அதனால் புறப்படுவதற்கு முந்தின வாரமே, கோச்சடைப் பக்கம் வைகைக் கரையில் நிற்கும் ஒரு தென்னையை இம்முறையில் அளந்து எழுதி வைத்துக்கொள்ளலாம். மரத்தடியில் நிமிர்ந்து பார்க்கும்போது, அந்தத் தென்னையை எத்தனை முறை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்த வேண்டும் என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்குவார்கள்.